மூன்றாவது முறை விழுந்த கட்டை

குடையை மடக்கிக்கொண்டே கோயிலுக்குள் ஓடி வந்தாள் வெய்லான். தைவானின் கீலுங் துறைமுகத்து மழை அப்படித்தான், சொல்லிவிட்டா வருகிறது? ஓடி வந்தவளின் காலருகே ஏதோ உருண்டு வந்து நின்றது. பிறை வடிவத்தில் ஒரு சிவப்பு மரக்கட்டை. யாரோ தவறவிட்டார்கள் போல என்று நல்ல பிள்ளையாகக் குனிந்து எடுத்து நீட்டினாள்.

எதிரே மண்டியிட்டிருந்த இளைஞன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எடுத்துட்டீங்களா..."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடல் தெய்வமான மாத்சு அம்மனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு இரண்டு கட்டைகளைக் கீழே போடுவார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது உருண்டைப் பக்கமும் காட்டினால் அம்மனுக்குச் சம்மதம். தொடர்ந்து மூன்று முறை அப்படி விழவேண்டும். விழுந்ததைப் பார்ப்பதற்குள் யாரும் தொடமாட்டார்கள். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், மானிடவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணுக்கு மறந்துபோனது.

"ரெண்டு தடவை சரியா விழுந்திருச்சு. இது மூணாவது. எங்கிட்ட இருக்கறது தட்டை. உங்ககிட்ட வந்தது எப்படி விழுந்துச்சு?"

"நான்... பார்க்கலை."

"எதுக்காக வந்தீங்க இங்க?"

"பார்க்கறதுக்குத்தான்," என்றாள் பரிதாபமாக. "ஜனங்க என்ன செய்யறாங்கன்னு பார்த்து எழுதணும். காலேஜ்ல அனுப்பியிருக்காங்க."

"நல்லாப் பார்த்தீங்க, போங்க."

கோபம்தான். ஆனாலும் அந்தக் கண்களின் ஓரத்தில் ஏதோ மின்னி மறைந்தது... மழை வெளிச்சமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் பெயர் போஹெங். கோயிலுக்கு எதிரே அம்மாவோடு மீன் உருண்டை சூப் கடை நடத்துகிறான். ஒசாகாவில் உணவகம் வைத்திருக்கும் மாமா அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மன் மூன்று முறை சரி என்றால் கிளம்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். இனி அம்மனின் பிறந்தநாள் திருவிழா வந்தால்தான் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

அன்று மாலை தைபே ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது வெய்லானுக்கு எல்லாம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. கட்டையின் வளைந்த சிவப்பு முதுகு... அதன்மேல் அவள் குடையிலிருந்து சொட்டிய நீர்த்துளிகள். உருண்டைப் பக்கம்தான் மேலே இருந்தது. அம்மன் அவனைப் போகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையே போய்ச் சொல்லிவிட நினைத்தாள். போனாள். அவனோ, "வாங்க மேடம், இன்னிக்கு எதை எடுத்து ஒளிச்சு வைக்கப் போறீங்க?" என்று சூப் கிண்ணத்தை நீட்டினான். அவன் சிரித்த சிரிப்பில், சொல்ல வந்ததைச் சொல்லாமல் சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அப்புறம் சனிக்கிழமைதோறும் அதே ரயில், அதே மழை, அதே மூலை மேஜை. ஒருநாள் அவள் தன் அப்பாவின் கேலியைச் சொன்னாள். மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நாலு வருஷப் படிப்பா, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதாதா என்பாராம் அவர். போஹெங் சிரிக்கவில்லை. தன் கடையில் தினம் சாப்பிடுகிறவர்கள்கூட, உன் மனசில் என்ன இருக்கிறது என்று தன்னை ஒருநாளும் கேட்டதில்லை, அவள் ஒருத்திதான் கேட்டாள் என்றான். அன்று அவள் சூப்பைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

வகுப்பில் அவள் எழுதியதைப் படித்த பேராசிரியர் மூன்றாவது கட்டை எப்படி விழுந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். பார், எழுது, எதிலும் கை வைக்காதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். கை வைத்தது போதாதென்று பார்த்ததையும் மறைத்தாயிற்று. அவனை இழக்க மனம் வரவில்லை. அவனை ஏமாற்றி வைத்துக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து தவித்தாள்.

திருவிழாவுக்கு முந்தைய நாள், மேஜை துடைத்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் பார்த்தேன். உருண்டைப் பக்கம்தான் மேல இருந்துச்சு. அம்மன் உங்களைப் போகச் சொல்லிட்டா. நான்தான் மறைச்சுட்டேன்." குடையை மேஜைமேல் வைத்தாள். "அது அம்மன் சொன்னது. இது நான் சொல்றது... போகாதீங்க."

அவன் துணியைக் கீழே வைத்தான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? அந்தக் கட்டை உருண்டு நிக்கறவரைக்கும் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். நீ எடுத்ததும் எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. எனக்குப் போக மனசில்லை. அம்மாகிட்ட சொல்ல தைரியமும் இல்லை."

"அப்ப எதுக்கு என்னைத் திட்டினீங்க?"

"திட்டலைன்னா நீ திரும்பி வருவியா?"

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியவில்லை.

"இன்னிக்கு அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்," என்றான் அவன். "உன்மேல பழி போட்டுத் தப்பிச்சது போதும்." கொஞ்சம் தயங்கினான். "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, வெய்லான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவை சொன்னா செல்லாது."

அவன் சிரித்துவிட்டான். இரண்டாவது முறை அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். மூன்றாவது முறை வெட்கத்தில் குரல் தணிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றாள். இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.