சமையற்கூடத்துக்குக் கீழே

இரண்டு பேருக்கு மூன்று கிண்ணம் சூப் வந்தது. தவறாக வந்துவிட்டது என்று மருந்துக்கடைக்காரன் சைகை காட்டியும், பரிமாறியவள் அவனுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்து, அதன் முன்னால் ஒரு கரண்டியையும் வைத்துவிட்டுப் போனாள்.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க தம்பி" என்றாள் அண்ணி.

அண்ணன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த மனுஷரைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றியாக என்று சொல்லி, இந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அவளே அவனைக் கூப்பிட்டிருந்தாள். பயிற்சி வகுப்புக்காக அவள் வெளியூர் போன பதினோரு நாளில், பக்கவாதக்காரர் பிடிவாதமாகச் சாப்பிட மறுத்துச் செத்தார் என்று அவன் சொன்னபோது அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உண்மையில் அவனுக்கு அலுத்துவிட்டது. இரண்டு நாள் ஊட்டினான். மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிட்டான்.

சுட்ட ரொட்டியும் உருகும் வெண்ணெயும் புகையில் வாட்டிய இறைச்சியும் மணக்க, கோட்டையின் பழைய சமையற்கூடமே இன்று உணவகமாகியிருந்தது. அவன் ருசித்துச் சாப்பிட்டான். எதேச்சையாகத் திரும்பியபோது மூன்றாவது கிண்ணம் பாதி காலியாக இருந்தது. கரண்டியில் ஈரம்.

சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டி தரையிலிருந்த இரும்புக் கம்பிக் கதவைத் தூக்கிக் காட்டினார். தனக்கு ஆகாதவர்களை அந்தக் காலத்து அரசன் இந்தக் குழிக்குள் போட்டுவிடுவானாம். சோறு தண்ணீர் கிடையாது, மேலே சமைக்கும் வாசனை மட்டும் இறங்குமாம். எல்லோரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார்கள்.

"எனக்கு முட்டி வலி. நீங்க இறங்கி ஒரு போட்டோ எடுங்களேன்" என்றாள் அண்ணி.

குழிக்குள் தொங்கிய நூலேணியில் இறங்கினான். ஈரக்கல், பாசி, அதற்கடியில் வேறொரு நாற்றம்: மாற்றாத படுக்கைவிரிப்பின் நாற்றம். கைபேசி வெளிச்சத்தைச் சுழற்றினான். வெறும் சுவர்.

டொக். டொக். டொக்.

கல்லுக்குள்ளிருந்து, விரல்முட்டியால் தட்டுகிற சத்தம். அண்ணனுக்கு அசைந்தது வலது கை மட்டும்தான்.

திரும்பினான். நூலேணி மேலே போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி?"

அவள் முகம் குனிந்தது. குரல் உயரவில்லை.

"எத்தனை நாள் தட்டினாரு?"

"யாரு அண்ணி?"

"சுவரைத் தட்டித் தட்டி அவர் விரல்முட்டியில தோலே இல்ல. நான்தான் குளிப்பாட்டினேன். எத்தனை நாள், தம்பி?"

டொக் டொக் நெருங்கியது.

"ஆறு" என்றான்.

"ம்."

கம்பிக் கதவு இறங்கியது. அதன்மேல் எதையோ இழுத்து மூடினாள். கைபேசி தானாக அணைந்தது. எங்கோ மேலே, கொழுந்தனார் முன்னாடியே கிளம்பிவிட்டதாக வழிகாட்டியிடம் அவள் சொல்வது கேட்டது. அவன் கத்தினான். காலடிகள் தேய்ந்தன.

தட்டல் நின்றது.

இருட்டு. மூச்சு. அவனுடையது அல்ல.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. எலும்பும் தோலுமான கை. மெல்லத் தூக்கியது. அவன் விரல்கள் சில்லிட்ட உதட்டில் பட்டன. உதடு பிரிந்தது. பற்கள். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், அந்த வாய் உள்ளே வாங்கிக்கொண்டது.