நத்தையின் அறை

அந்த மதியத்தைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஈரச் சிமெண்ட் வாசனை முதலில் வந்ததா, கட்டில் மறைந்தது முதலிலா என்று கேட்டால் மாற்றி மாற்றிச் சொல்வாள்.

அந்த வீட்டை வரைந்தவர்கள் அவளும் கணவனும்தான். இருவருக்கும் அதுதான் தொழில். அவள் பிடிவாதமாகக் கேட்டது ஒரே ஒரு நேர்க்கோடு: தன் கட்டிலில் படுத்தபடியே, நீண்ட நடைவழியின் மறுகோடியில் மகள் தூங்குவது தெரிய வேண்டும். அவனுக்கோ அந்த மறுகோடியில் வளைந்த அறை வேண்டும். சுருண்டு தூங்கும் மகளின் முதுகைப் பென்சிலால் பின்தொடர்ந்து அதையே சுவராக்கினான். மகளை ‘நத்தை’ என்றுதான் கூப்பிடுவான்.

அன்று படுத்தபடி பார்த்தாள். மகளின் கட்டில் பாதிதான் தெரிந்தது. நடைவழிச் சுவர் குறுக்கே வந்திருந்தது.

கணவனுக்குப் போன் செய்தாள்.

“நடைவழிச் சுவர் வளைஞ்சிருக்கு.”

“உனக்குத்தான் வளைவுன்னாலே ஜுரம் வந்துடுமே. பேசாம தூங்கு.”

“டேய், விளையாடாத. உள்ள குழந்தை தூங்குறா.”

“அப்ப நூல் பிடிச்சுப் பாரு. சுவர் தப்பா, உன் கண்ணு தப்பான்னு தெரிஞ்சுடும்.”

வேறு எந்தத் தாயும் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடியிருப்பாள். அவள் நூல்கண்டை எடுத்தாள்.

வியர்த்த கழுத்தோடு சுருண்டிருந்த மகளை, எழுப்பினால் அழுவாளே என்று தொடாமல், கட்டில் காலில் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, கண்டைப் பிரித்தபடி அவள் திரும்பி நடந்தபோது, காய்ந்து இரண்டு வருடமான சுவர் உள்ளங்கையில் ஈரமாகப் பட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிதானமாக விரல்களை நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம் கூடவே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தன் அறை வாசலில் நின்று நூலை இழுத்துப் பிடித்தாள். பார்த்தாள்.

நூல் நேராக இருந்தது. நடைவழி நேராக இல்லை.

சற்றுத் தள்ளி நூல் சுவருக்குள் போயிருந்தது. ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. பூச்சு அதைச் சுற்றி உதடுபோல மூடியிருந்தது.

ஓடினாள். வளைவு. இன்னும் வளைவு. தோள் இரண்டு பக்கமும் இடித்தது. பிறகு சுவர் மட்டும்.

“நத்தை!”

நூல் அசைந்தது. உள்ளிருந்து. மறுபடியும். தூக்கம் கலைந்த பிள்ளை அம்மாவின் ஆடையைப் பிடித்து இழுப்பதுபோல.

கணவனும் ஆட்களும் வந்து சுவரை உடைத்தார்கள். உடைக்க உடைக்க நூல் அடுத்த சுவருக்குள் போனது. வீடே இடிந்துவிடும் என்று நிறுத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வளைந்த அறைக்கு இருந்த ஜன்னலையே காணோம்.

மகள் கிடைக்கவில்லை. கணவன் வேறு ஊரில் இருக்கிறான், எதையும் வரைவதில்லை. அவள் அங்கேயேதான் இருக்கிறாள், நூல்முனையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு. இப்போதெல்லாம் இழுப்பு பலமாக இருக்கிறது. பிள்ளை வளர்கிறாள்.