பத்து நிமிடப் பலகாரம்

இந்திராவின் வீட்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் கையில் ஒரு தட்டு வந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் இரண்டு தட்டு வரும். நோர்வேயின் ஒஸ்லோ நகரில், ரொம்மன் என்ற பகுதியில் அந்த மாடிக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

அம்மாவின் இந்தப் பழக்கம் மகள் துஷ்யாவுக்குத் தலையிடியாக வந்தது 2003 நவம்பர் மாதத்தில்தான்.

துஷ்யாவின் வகுப்பில், ஒருவரோடொருவர் பழகட்டும் என்று, பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூட வேண்டும். மூன்று மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். இந்த மாதம் துஷ்யாவின் முறை. எய்வின், அக்ஷயா, ஹோதன் மூவரும் வருவார்கள்.

அவர்கள் வரவேண்டிய நாளன்று காலையில் பாடசாலையில் ஹோதன் அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"நான் கட்டாயம் வருவேன். ஆனால் இன்றைக்கும் எனக்கு ரமழான் நோன்பு. இந்த வருடம்தான் முதல்முறையாக முழுநாளும் பிடிக்கிறேன். இதுவரை ஒன்றைக்கூட விடவில்லை."

"அப்போ சாப்பிடவே மாட்டாயா?"

"சூரியன் மறைந்த பிறகு சாப்பிடலாம்."

ஹோதன் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு சிறிய தாளை எடுத்துக் காட்டினாள். தாள் முழுவதும் நேரங்கள். அன்றைய வரியில் மூன்று நாற்பத்தெட்டு என்று இருந்தது.

"யாருக்கும் சொல்லாதே. உன் அம்மாவுக்கும் சொல்லாதே. வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளிக்கிறேன்," என்றாள் ஹோதன்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில், "தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாயா?" என்று பதினொரு பேர் அவளிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். பதினொரு பேருக்கும் பதில் சொல்லிக் களைத்து, கடைசியில் அவள் வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதினொரு பேரில் துஷ்யாவும் ஒருத்தி. அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றாள் துஷ்யா. "வயிற்றுவலியும் வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்."

சொல்வது சுலபம். மூன்று மணிக்கும் மூன்று நாற்பத்தெட்டுக்கும் நடுவில் அம்மா இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் உப்பு விசுக்கோத்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெயிலும் தூளிலும் விசுக்கோத்தைப் பிரட்டி ஓவனில் வைக்கும் பலகாரம் அது. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு நோர்வேக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தது. அவள் சேர்க்கச் சொன்ன உலர்ந்த இலைத்தூளை நீக்கிவிட்டு, அம்மா மிளகாய்த்தூளையும் பெருஞ்சீரகத்தையும் கறிவேப்பிலையையும் சேர்த்திருந்தார்.

"பத்து நிமிசத்திலை முடிஞ்சிடும்," என்றார் அம்மா. "மூண்டு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கை ஓவனிலை வைச்சா, பிள்ளையள் வரச் சூடாய்க் குடுக்கலாம்."

"அக்ஷயாவும் வரட்டும் அம்மா. எல்லாரும் வந்தாப் பிறகு வைப்பம்."

துஷ்யா ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழர் வீடுகளில் மூன்று மணி என்றால் நாலரை. அக்ஷயாவின் குடும்பம் சென்னையிலிருந்து வந்தது. சென்னை ஆனாலும் தமிழர்தானே?

சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மூன்று பேரும் நின்றார்கள்.

"நாங்க ரெண்டு அம்பத்தஞ்சுக்கே வந்துட்டோம்," என்றாள் அக்ஷயா. "நார்வேல டைம்னா டைம்னு சொல்லி, அப்பா என்னைக் கார்லயே உட்கார வெச்சுட்டார்."

துஷ்யா அவளை முறைத்தாள். ஏன் என்று பாவம் அக்ஷயாவுக்கு விளங்கவில்லை.

"சாப்பிட என்ன இருக்கிறது? எனக்குப் பசிக்கிறது," என்றான் எய்வின். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எய்வினுடைய பத்தில் ஒன்பது வாசலிலேயே பறந்துவிட்டது.

அம்மா விசுக்கோத்துப் பெட்டியில் கை வைத்தார். துஷ்யா ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இண்டைக்கு நாங்களே செய்யிறம்."

"வீட்டுக்கு வந்த பிள்ளையளைக் கொண்டு வேலை செய்விக்கிறதோ? ஆரும் கேட்டா என்ன நினைப்பினம்?"

"அவைக்கு இது விளையாட்டு அம்மா."

விளையாட்டாகத்தான் இருந்தது. துஷ்யா எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, தூள் போத்தல்களை ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்தாள். என்னவென்று சொன்னால் ஒரு புள்ளி. மிளகுத்தூளில் எய்வின் ஏழு தடவை தும்மினான். அக்ஷயா நாலைச் சரியாகச் சொன்னாள். ஹோதன் அத்தனையையும் சொன்னாள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மூக்கு எதையும் தவறவிடாது.

பிறகு பெரிய சட்டியில் விசுக்கோத்தைக் கொட்டிப் பிரட்டினார்கள். எய்வின் ஒன்றை எடுத்து ஹோதனிடம் நீட்டினான்.

"உப்புப் போதுமா என்று பார்."

ஹோதனின் கை வயிற்றுப் பக்கம் போனது. அதற்குள் துஷ்யா அந்த விசுக்கோத்தை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "போதும்," என்றாள்.

மூன்று இருபத்துநாலுக்குத் தட்டு ஓவனுக்குள் போனது. மூன்று முப்பத்துநாலுக்கு வெளியே வந்தது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று ஒரு பழமொழி உண்டு. ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும் என்று துஷ்யா தட்டைப் பல்கனியில் வைத்தாள். ஆனால் அந்தப் பழமொழியைச் சொன்னவர் ஒஸ்லோ நவம்பரைக் கண்டதில்லை. நாலே நிமிடத்தில் எல்லாம் சில்லென்று ஆறிவிட்டது.

இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அம்மா தட்டுகளை நிரப்பினார். முதல் தட்டை எடுத்துக்கொண்டு நேரே ஹோதனிடம் போனார். மெலிந்த பிள்ளைக்குத்தான் அம்மா எப்போதும் முதலில் கொடுப்பார்.

"எடு மகள்," என்று நோர்வே மொழியில் சொன்னார். ஹோதனுக்கு முகம் வாடியது.

"அம்மா, இன்னும் விளக்கு வைக்கேல்லை," என்றாள் துஷ்யா.

அம்மா திரும்பிப் பார்த்தார். சாமிப் படத்தின் முன்னால் விளக்கு ஏற்றுவது அந்த வீட்டில் ஆறு மணிக்கு. ஒஸ்லோவில் சூரியனை நம்பி விளக்கு வைக்க முடியாது. கோடையில் இரவு பத்தரை வரைக்கும் அது போகாது. அதனால் அம்மா மணிக்கூட்டைத்தான் நம்பினார்.

"அது ஆறு மணிக்குத்தானே?"

"பொழுதுபடேக்கைதானே வைக்க வேணும்? விளக்கு வைக்கிற நேரம் சாப்பிடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். இண்டைக்கு எப்ப பொழுதுபடுது?"

"மூண்டு நாப்பத்தெட்டுக்கு."

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து தண்ணீர்கூடக் கேட்காத ஹோதனைப் பார்த்தார். முதியோர் இல்லத்தில் அவரோடு வேலை செய்யும் ஒரு சோமாலியப் பெண், இந்த மாதம் முழுவதும் இதே நேரத்துக்குத்தான் ஒரு பேரீச்சம்பழத்தோடு ஜன்னலோரம் போய் நிற்பாள்.

அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"மன்னியுங்கோ பிள்ளையள்," என்று தமிழிலும் நோர்வே மொழியிலுமாக எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "எங்கடை வீட்டிலை விளக்கு வைச்சாப் பிறகுதான் சாப்பாடு."

"எங்க வீட்லயும் விளக்கு வைக்கிறப்ப யாரும் சாப்பிடக் கூடாது," என்றாள் அக்ஷயா. "வாசக் கதவை வேற திறந்து வைக்கணும்பாங்க அம்மா. இங்க திறந்தா எல்லாரும் விறைச்சுப் போயிடுவோம்."

எய்வின் ஒரு பெருமூச்சு விட்டான். துஷ்யா அவனையே நேரம் பார்க்கச் சொன்னாள். அவனிடம் நொடி காட்டும் கைக்கடிகாரம் இருந்தது. அன்று முழுவதும் மேகம். சூரியனைக் கண்டவர் யாருமில்லை. அதனால் எய்வின்தான் சூரியன். அந்தப் பதவி அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. பசியைக்கூட மறந்துவிட்டான்.

"ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. மறைந்துவிட்டது!"

அம்மா விளக்கை ஏற்றினார். பிறகு குசினிக்குப் போய், கேக்குக்கு வாங்கி வைத்திருந்த பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒவ்வொரு பழம், ஒவ்வொரு கிளாஸ். முதலாவது ஹோதனுக்கு.

"இது எதற்கு?" என்று கேட்டான் எய்வின்.

"வீட்டுக்கு வந்தவைக்கு," என்றார் அம்மா.

எய்வின் அதற்கு மேல் கேட்கவில்லை. விசுக்கோத்துத் தட்டு பக்கத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் செய்யும் பலகாரம் ஆறு நிமிடத்தில் தீர்ந்தது. அதிகம் சாப்பிட்டது ஹோதன்.

ஐந்து மணிக்கு, சப்பாத்தை மாட்டும்போது ஹோதன் துஷ்யாவின் காதில் சொன்னாள்: "இன்றைக்கும் விடவில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை." அவள் முகம் முழுவதும் சிரிப்பு. துஷ்யாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆறு மணிக்கு அம்மா பழக்கதோஷத்தில் தீப்பெட்டியோடு சாமிப் படத்தடிக்குப் போனார். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

தீப்பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "அப்ப நாளைக்கும் மூண்டு நாப்பத்தெட்டுக்கோ?"

"இல்லை அம்மா," என்றாள் துஷ்யா. "நாளைக்கு மூண்டு நாப்பத்தாறு."