சிவப்பு வட்டம் போட்ட தாள்

"வீல்ல்ல்...!"

கத்தியது மனைவி அல்ல. கணவன்!

ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி. பழைய கட்டட வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் அந்தச் சின்ன அலுவலகத்தில் இருப்பது இரண்டே பேர். அவள் வரைவாள். அவன் பிரிண்ட் போடுவான்.

இப்போது மூன்றாவதாக ஒருவன். தலையில் தொப்பி. கையில் துப்பாக்கி. அதன் முனை, கணவனின் காதில்!

"ஏம்மா, உன் புருஷன் எப்பவும் இப்படித்தான் கத்துவானா?"

"கரப்பான் பூச்சிக்கே இப்படித்தாங்க..."

"ஏய்! சாகப்போற நேரத்துல மானத்தை வாங்காதே!" என்றான் கணவன், நடுங்கிக்கொண்டே.

தொப்பிக்காரன் ஒரு தாளை விரித்தான். பழைய ட்ரேசிங் பேப்பர். அடியில் இருந்த மேஜை தெரிந்தது. எழுத்துகள் மொத்தமும் அழிந்து, கோடுகள் மட்டும் மிச்சம். நடுவில் குழாய்கள் போகிற ஒரு குறுகிய சந்து. அதன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு அறைகள். ஒன்றில் மட்டும் சிவப்பு வட்டம்!

"இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்து. சும்மா போட்டோவா இல்லே. கோடு கோடா வேணும். நாங்க சுவர்ல போடப்போற ஓட்டையை அதுல வரைஞ்சு, அடி அங்குலம் அளந்து பாக்கணும்."

"எந்த பில்டிங்குங்க...?"

துப்பாக்கி காதிலிருந்து நெற்றிக்கு நகர்ந்தது.

"அய்யோ, கேக்கலைங்க!"

தாளை ஸ்கேனரில் வைத்தாள். மூடியை மூடுவதற்குள் இரண்டு முறை விரலை நசுக்கிக்கொண்டாள்.

திரையில் படம் வந்தது. அதன்மேல் கோடு கோடாக இழுக்க ஆரம்பித்தாள். சுவர்... கதவு... குழாய்... கடைசியாக, வட்டம்.

"சீக்கிரம் போடேன்டி!" கணவன் கெஞ்சினான்.

"சும்மா இருங்க! கோடு கோணிடும்!"

முக்கால் மணி நேரம். முடித்தாள். தொப்பிக்காரன் திரையை உற்றுப் பார்த்தான். ஸ்கேன் படமும் அவள் கோடுகளும் அச்சாகப் பொருந்தின.

"வெரிகுட். இவன் எங்ககூட வர்றான்."

"எ... எதுக்கு?"

"சந்துக்குள்ள லேப்டாப்பைப் பாத்து வழி சொல்ல ஆள் வேணாமா? சுவரை உடைச்சதும் முதல்ல இவனைத்தான் உள்ளே தள்ளுவோம். ரூம் தப்பாச்சு... இவன் காலி. நீ போலீஸுக்குப் போனாலும் காலி!"

வேன் கிளம்பிப் போய்விட்டது.

அவள் அழுதாள். முகம் கழுவினாள். மறுபடி அழுதாள். ஸ்கேனர் மூடியைத் திறந்தாள்.

அந்தத் தாள் உள்ளேயே கிடந்தது!

மையால் வரைந்த பக்கம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால்... மேலே இருந்தது!

தடவிப் பார்த்தாள். மையின் சொரசொரப்பு விரலில் பட்டது. சந்தேகமே இல்லை. பயத்தில் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். ஊடுருவித் தெரியும் தாள் என்பதால் படம் பளிச்சென்று விழுந்துவிட்டது... இடம் வலமாக, வலம் இடமாக!

வட்டம் எதிர் அறைக்குப் போய்விட்டது!

"கடவுளே... நானே அவரைக் கொன்னுட்டேனே!"

கணவனின் போனுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். போலீஸா? எந்தக் கட்டடம் என்று சொல்வாள்?

ஒரு மணி... இரண்டு... மூன்று...

போன் அலறியது. புது எண்!

"ஹ... ஹலோ?"

"நான்தான்டி!"

"உயிரோட இருக்கீங்களா?!"

"செத்தவன் போன் பண்ணுவானா? கேளு! சுவரை உடைச்சு என்னைத் தள்ளினாங்க. விழுந்தேன். எதிர்ல பேங்க் காவலருங்க ஆறு பேர்! டி.வி. சத்தத்துல உடைக்கிறது கேக்கவே இல்லையாம். எனக்குப் பின்னாடி தொப்பி தலையை நீட்டினான். அப்படியே கழுத்தைப் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க! லாக்கர் எதிர்ப்பக்கமாம்!"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மூளைடி உனக்கு! துப்பாக்கி முனையில படத்தையே திருப்பிப் போட்டிருக்கே! பயமே இல்லையா?"

கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சத்தமில்லாமல் நான்காக மடித்தாள்.

"பயமா? எனக்கா? ஆனா ஒண்ணுங்க... இனிமே நான் கார் ஓட்டறப்ப 'உனக்கு இடது வலது தெரியாது'ன்னு கிண்டல் பண்ணினீங்க... அடுத்த ஓட்டையில உங்களை நானே தள்ளிடுவேன்!"