இரும்புப் பன்றிக்கு ஒரு தோட்டா

போன் அலறியது.

ஷெரீஃப் பென்டன் வெள்ளைக் குழம்பில் தோய்த்த பிஸ்கட்டை வாயில் திணித்துக்கொண்டே எடுத்தார்.

"இன்னிக்கு ராய்ஸ் ஹேக்கெட்டோட சுடுதளத்துல துப்பாக்கி சுடுற போட்டி. வந்துடுங்க ஷெரீஃப். பொணம் ஏத்துற வேனையும் கொண்டு வாங்க."

பெண் குரல். நிதானமான குரல்.

"யாரும்மா பேசறது?"

"ட்ரூடி."

"எந்த ட்ரூடி?"

"டெரிலோட பொண்டாட்டி. தன் தப்பாலேயே செத்தான்னு எழுதி மூடினீங்களே... அந்த டெரில்."

லைன் செத்தது.

பிஸ்கட் தொண்டையில் சிக்கியது.

டெரில்! போன கோடையில் இதே போட்டியில், குறிக்காகத் தொங்கவிட்ட பன்றி வடிவ இரும்புத் தகட்டைச் சுட்டவன். தோட்டாவின் சில்லு ஒன்று திரும்பி வந்து கழுத்தைக் கிழித்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துபோனான்.

சுடுதளத்தின் முதலாளி ராய்ஸ் அன்றைக்குச் சத்தியம் செய்து சொன்னான். "தகடு புதுசு, ஷெரீஃப். மேஜை மாதிரி வழவழன்னு இருந்துச்சு. டெரில்தான் இங்க தடை பண்ணின, இரும்பு வெச்ச தோட்டாவைப் போட்டுச் சுட்டுட்டான். அந்தத் தகட்டைப் பார்க்கவே மனசு கேக்கல. அன்னிக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

பென்டன் நம்பினார். கேஸை மூடினார்.

ஊரும் நம்பியது. 'இரும்பு இருக்கான்னு காந்தம் வெச்சு அடுத்தவன் தோட்டாவைச் சோதிக்கிறவனே இப்படிப் பண்ணலாமா?' என்று சர்ச் வாசலிலேயே பேசினார்கள். ட்ரூடி காதுபடவே பேசினார்கள்.

பென்டன் வேனோடு கிளம்பினார்.

ஓக்லஹோமா வெயில் மண்டையைப் பிளந்தது. சுடுதளத்தில் வரிசையாக ட்ரக்குகள். புகையடுப்பில் மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. ட்ரூடி ஆரஞ்சு நிறச் சட்டையில், கழுத்தில் விசிலோடு நின்றாள். இந்த வருடம் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். டெரில் பார்த்த அதே வேலை.

இடுப்பில் துப்பாக்கி இல்லை. கையில் வெள்ளை பெயிண்ட் டப்பா மட்டும்!

பென்டன் அவளைத் தனியாக ஓரங்கட்டினார்.

"யாரைக் கொல்லப் போறே?"

"ராய்ஸைக் கொல்லணும்னு ஆசைதான். மறைக்கல. தினம் காலைல எந்திரிச்சதும் முதல்ல அதைத்தான் நினைக்கறேன்."

"ட்ரூடி... இப்பவே உன்னைப் பிடிச்சு உள்ள வைக்க எனக்கு உரிமை இருக்கு."

"எதுக்கு? பெயிண்ட் வெச்சிருக்கேன்னா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒவ்வொருத்தரும் சுட்டு முடிச்சதும் தகட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறோமே, எதுக்குன்னு தெரியுமா?"

"எங்க பட்டுச்சுன்னு தெரியறதுக்கு."

"அது நல்லவனுக்கு. கஞ்சனுக்கு வேற உபயோகம் இருக்கு. தகட்டுல குழி விழுந்தா தூக்கிப் போடணும். வழவழ தகட்டுல பட்டா தோட்டா நசுங்கிப் பக்கவாட்டுல சிதறும். குழியில பட்டா சுட்டவனையே தேடி வரும். கஞ்சன் என்ன பண்ணுவான்? குழி மறையற வரைக்கும் பெயிண்ட்டா அப்புவான். மாத்து, மாத்துன்னு டெரில் ராய்ஸ்கிட்ட கெஞ்சினான். மாத்திட்டேன்னு பொய் சொல்லி, பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டான் ராய்ஸ்."

"இதுக்கு ஆதாரம்?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பின்னால போய் நில்லுங்க ஷெரீஃப். தெறிச்சா கண்ணு போயிடும்."

விசில்!

கூட்டம் முழுவதும் ட்ரக்குகளுக்குப் பின்னால் ஒதுங்கியது. பாப்கார்ன் விற்பவன்கூட கண்ணாடி மாட்டிக்கொண்டான். மாட்டாதவனை அவள் உள்ளே விடவில்லை.

முதல் குண்டு எப்போதும் முதலாளிக்குத்தான். அது அந்த ஊர் வழக்கம்.

ராய்ஸ் ஹேக்கெட் தொப்பையைத் தூக்கிக்கொண்டு, நின்று சுடும் கோட்டுக்கு வந்தான். தட்டு அளவு பெல்ட் பக்கிள். கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினான்.

"எங்கம்மா சுடணும், ட்ரூடி கண்ணு?"

"இதோ."

தார்ப்பாயை இழுத்தாள்.

பளீரென்ற வெள்ளையில் ஒரு இரும்புப் பன்றி தொங்கியது. அதன் இடது காது உடைந்திருந்தது!

ராய்ஸின் கை அந்தரத்தில் நின்றது.

டெரில் சுட்ட அன்று காது உடைந்த, அவனைக் கொன்ற பன்றி அதுதான் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பழைய இரும்புக்குப் போய்விட்டதே?

"கிடைச்சிடுச்சு ராய்ஸ்," என்றாள் ட்ரூடி. "புதுத் தகடுன்னு சத்தியம் பண்ணீங்களே. அதுலயே சுடுங்க. டெரில் ஆத்மா சாந்தியடையட்டும்."

ராய்ஸ் தோளைத் தடவிக்கொண்டான்.

"இன்னிக்குத் தோள்பட்டை சரியில்ல. வேற யாராச்சும் சுடட்டும்."

"யாரு வேணா சுடலாமா?"

"யாரு வேணா சுடட்டும். எனக்கென்ன?"

"நான் சுடறேன்ப்பா."

ராய்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் மகள் டார்லா! இருமுறை கோப்பை வாங்கியவள், அப்பாவுக்கு அடுத்துச் சுட வேண்டியவள். கண்ணாடி மாட்டி, காதை அடைத்துக்கொண்டு கோட்டில் வந்து நின்றுவிட்டாள்.

ட்ரூடி விசிலை வாயில் வைத்தாள்.

பென்டனுக்குப் பொறி தட்டியது. அட பாவி மகளே... அப்பனுக்குப் பதிலாகப் பெண்ணையா? பாய்ந்து தடுக்க ஓடினார்.

அதற்குள் டார்லா துப்பாக்கியை உயர்த்தினாள்.

"சுடாதேடி!" ராய்ஸ் தொண்டை கிழியக் கத்தினான். மகளின் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினான். "பூரா குழிடி அது! திரும்பி வரும்... உன் மேலயே வரும்!"

டார்லா விழித்தாள்.

"குழியா?" ட்ரூடி மெல்லக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. வழவழன்னுதானே இருக்கு?"

"பெயிண்ட்டுக்கு அடியில இருக்கு... எனக்குத் தெரியும்... நான்தானே அடிச்சேன்..." ராய்ஸுக்கு நாக்கு குழறியது. "எவன் எடுத்தான் இதை? அந்தக் குட்டையில எவன் இறங்கினான்?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது.

"எந்தக் குட்டை ராய்ஸ்?" பென்டன் கேட்டார். "பழைய இரும்புக்காரன் குட்டையிலயா கடை வெச்சிருக்கான்?"



ட்ரூடி துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொல்லி விசில் ஊதினாள். தின்னரில் நனைத்த துணியோடு பன்றியிடம் நடந்தாள். அழுத்தித் துடைத்தாள்.

பெயிண்ட் வழிந்தது. அடியில்...

கண்ணாடி மாதிரி இரும்பு. ஒரு கீறல்கூட இல்லை!

"பக்கத்து ஊர் பட்டறையில வெட்டி வாங்கினேன். காதை நான்தான் உடைக்கச் சொன்னேன். முன்பக்கம் சாய்ச்சுத் தொங்கவிட்டு, தூரத்தையும் அளந்துதான் கோடு போட்டேன். டார்லா நூறு தடவை சுட்டிருந்தாலும் எல்லாம் மண்ணுலதான் போயிருக்கும்." ராய்ஸின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "உன் பொண்ணு மேல ஒரு தூசு விழ விட்டிருக்க மாட்டேன். நீ என் புருஷனைத் தெரிஞ்சே நிக்க வெச்சே."

முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. ஆனாலும் கண்ணில் நீர் வரவில்லை.

டார்லா துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். அப்பாவின் பக்கம் திரும்பாமலே நடந்து போனாள். ராய்ஸ் அவளைக் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை.

பென்டன் விலங்கை எடுத்தார். ராய்ஸ் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான்.

"அப்ப உண்மையான பன்னி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று ட்ரூடியைக் கேட்டார் பென்டன்.

"சத்தியமா தெரியாது. இப்ப அவன் சொல்லித்தான் தெரியும்."

பென்டன் தொப்பியைக் கழற்றினார். "டெரில் பேர்ல நான் எழுதினதை நானே அழிக்கறேன். ஊர் முன்னால சொல்லவும் சொல்றேன்."

"சொல்லுங்க. சர்ச் வாசல்ல சொல்லுங்க."

வேன் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

"ஷெரீஃப்... பொணம் ஏதும் இல்லையே. நான் கிளம்பட்டுமா?"

"நில்லுப்பா, வண்டி வீணாகாது," என்றாள் ட்ரூடி. "ரெண்டு பன்னி ஏத்தணும். ஒண்ணு குட்டையில கிடக்கு. இன்னொண்ணு இதோ விலங்கோட நிக்குது!"