சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

"சார்... காலு!"

குரல் வந்து சேர்வதற்குள் பகலவனின் வலது கால் ஓர் அலுமினியக் குண்டானுக்குள் இறங்கிவிட்டது. குண்டானில் பாதி மழைத் தண்ணீர். இப்போது அதில் பாதி அவன் ஷூவுக்குள்.

நிமிர்ந்தான். வாசற்படியில் ஒருத்தி நின்றாள். பிஸ்கட் கம்பெனியின் நீலச் சீருடைச் சேலை, நெற்றியோடு ஒட்டிய ஈர முடி, அப்புறம் அந்தக் கண்கள்... ஐயோ, கோபத்தில்கூடவா ஒருத்தி இவ்வளவு அழகாக இருப்பாள்!

"கண்ணு இன்னா பொடனிலயா கீது? ஒழுவற எடத்துக்கெல்லாம் பாத்துப் பாத்து பாத்திரம் வெச்சிகினு கீறேன்..."

"மழைக்கு ஒதுங்கினேங்க..."

"ஒதுங்க எங்க வூடுதான் கெடச்சிதா? வெளிய வுட்டுட்டு உள்ளதான் சார் பெய்யுது!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, முகம் துடைப்பதுபோல் முந்தானையால் மறைத்தாள். அப்போதுதான் அவன் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த வரைபடம் அவள் கண்ணில் பட்டது. சிரிப்பு போயே போச்சு.

"ஓ... வாரியத்து இன்ஜினீயரா? எங்கள காலி பண்ண வந்தவரா?"

1991-இன் ஐப்பசி அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தண்டலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தக் குடியிருப்புக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் 'நாப்பத்தெட்டு வூடு' என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். கட்டி முப்பது வருஷம். கம்பி வெளியே எட்டிப் பார்க்கும் கூரைகள். அவற்றை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடுகள் கட்டுவதாக வீட்டு வசதி வாரியத்தின் ஏற்பாடு. தரையோடு சேர்த்து நாலு தளம், தளத்துக்குப் பன்னிரண்டு வீடு. ஆனால் கார்த்திகை முடிவதற்குள் நாற்பத்தெட்டுக் குடும்பமும் சம்மதக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். இந்தக் கூரைகள் என்றைக்கு யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் யார் தெரியுமோ? இந்தக் குண்டான்காரிதான். பெயர் செங்கமலம்.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் பகலவன் படத்தை விரித்தான். பக்கத்து வீட்டுக் கனகம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது, கொசுவல மாரி கோடு கோடா கீது? இதுல என் அடுப்பு எங்க?"

செங்கமலம் எழுந்தாள். "சார், பேப்பர்ல வூடு பாத்தா எங்களுக்கு வெளங்காது. கபடி கிரவுண்டுல நெஜ அளவுக்குக் கோடு போடுங்க. நடந்து பாத்துட்டு சொல்றோம்."

வேறு இன்ஜினீயராக இருந்தால் சிரித்திருப்பான். பகலவன் கபடிக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளில் இரண்டு மூட்டை கேட்டான். அன்று சாயங்காலமே மைதானத்தில் ஒரு வீடு மல்லாந்து கிடந்தது.

பெண்கள் இடுப்பில் குடத்தோடு உள்ளே நடந்தார்கள். அடுப்படியில் திரும்பினால் குடம் கோட்டைத் தாண்டியது. "செவுத்துல இடிச்சிக்கினேன்" என்று கனகம் அப்படியே நின்றுவிட்டாள். கக்கூஸ் கதவு, சாப்பிடும் இடத்தைப் பார்த்துத் திறந்தது. நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போட்ட கோட்டுக்குள் வந்தார்கள். திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

சங்கத் தலைவர் பலராமன் மெதுவாகக் கேட்டார். "தம்பி, மூணாவது மாடில ஒரு சாவு வுழுந்தா... பாடைய எப்டி எறக்குவ?"

நாலு வருஷப் படிப்பில் அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பகலவன் கோட்டைக் காலால் அழித்தான். ஒன்றரை அடி தள்ளிப் புதிதாகப் போட்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற இந்த ஜனங்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. அவர்களை இப்படிப் பேச வைத்தவள்மேல் இருந்தது அதைவிடப் பெரிய மலைப்பு.

மூன்று வாரம் இதே கதை. மாலை மழையில் கோடு கரையும். காலையில் அவனும் செங்கமலமும் மறுபடி போடுவார்கள். நூலின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில்...

"சாருக்குத் தூக்கமே வராதா? சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து மொத பஸ்ஸுக்கே வந்துடறீங்க?"

"வருதுங்க. கனவுலயும் கோடுதான் வருது."

"கோடு மட்டுந்தானா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நூல் தளர்ந்தது. அன்று போட்ட சுவர் கொஞ்சம் கோணலாகவே போனது.

எந்த வீடு யாருக்கு என்பதற்குச் செங்கமலம் ஒரே விதிதான் சொன்னாள். சீட்டுக் குலுக்கல். "தலைவருக்கும் சீட்டு, எனக்கும் சீட்டு." அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எல்லோரும் கையெழுத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

பகலவன் செய்த தப்பு சின்னது. ஒரு சாயங்காலம் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, முருங்கை மரத்தை ஒட்டிய தரைத்தள வீட்டில் பென்சிலால் 'செங்கமலம்' என்று எழுதிப் பார்த்தான். ஆசை வந்தவன் கை சும்மா இருக்குமா! அழிக்கவும் மனசு வரவில்லை. கையெழுத்து நாளன்று மேசையில் விரிந்தது அதே படம்.

முதலில் பார்த்தவன் லேத் பட்டறை நரசிம்மன். "எங்களுக்கெல்லாம் சீட்டு... செயலாளருக்கு மட்டும் மரத்தடி வூடா?"

கூட்டம் கொந்தளித்தது. நீட்டிய பேனாவை யாரும் வாங்கவில்லை. செங்கமலம் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கண்களில் நீர் திரண்டுவிட்டது.

"இன்னா சார் இது? நான் கேட்டனா? எட்டு வருசமா இந்த ஜனங்க கிட்ட ஒரு கெட்ட பேரு வாங்கல நானு..." படத்தைத் தள்ளி வைத்தாள். "எனக்குப் பதவியும் வாணாம், வூடும் வாணாம். மத்தவங்க கையெழுத்துப் போடுங்க."

நாற்பத்தேழு போதாதே! அவள் விலகினால் இத்தனை பேரின் வீடும் போய்விடும். ஆபீஸில் யாரோ கிறுக்கியது என்று சொல்லிவிட்டால் அவன் தப்பித்துவிடலாம். ஆனால் அவள்மேல் விழுந்த சந்தேகம் அப்படியே நிற்கும். பகலவன் எழுந்தான்.

"அத எழுதினது நான்தாங்க. அவங்க கேக்கல. அவங்களுக்குத் தெரியவும் தெரியாது. நாப்பத்தேழு வீட்ட இன்ஜினீயரா வரைஞ்சேன். இந்த ஒண்ண மட்டும்... ஆசைப்பட்டு வரைஞ்சிட்டேன். எனக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்பு என்னுது."

ரப்பரை எடுத்து எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரை அழித்தான்.

கனகம்தான் ஆரம்பித்தாள். "அதானே பாத்தேன்! சும்மா ஒரு கோடு போடத் தெனமும் ரெண்டு பேரு எதுக்குன்னு..."

சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. நரசிம்மன்கூடத் தலையைச் சொறிந்தான். எவர்சில்வர் சொம்பில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார் பலராமன். "மொதல்ல நீ எடும்மா" என்றார். செங்கமலம் எடுத்துப் பிரித்தாள். மூணாவது மாடி, மேற்கு மூலை. வெயில் பிளக்கும் இடம். முகம் சுளிக்காமல் முதல் கையெழுத்தைப் போட்டாள். பின்னாலேயே நாற்பத்தேழும் விழுந்தன.

கூட்டம் கலைந்தது. பகலவன் தலை நிமிராமல் படத்தைச் சுருட்டினான். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

"ஊரக் கூட்டி சொன்னீங்களே... சம்பந்தப்பட்டவ கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"மன்னிச்சிடுங்க. எங்க அப்பா, அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து முறையாக் கேக்கறேன். வீட்டக் கட்டி முடிச்சதும் மூணாவது மாடிக்கே வந்து..."

"கட்டி முடிக்க எம்மாம் நாள் ஆவும்?"

"ரெண்டு வருஷம்..."

சட்டென்று நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கோபம் தேடினான்... இல்லை. வெட்கம்தான் இருந்தது, அதற்கும் மேலே கொஞ்சம் அவசரம்.

"ரெண்டு வருசமா! அம்மாம் நாளெல்லாம் என்னால முடியாது சார். பழைய வூட்டத் தையிலதான இடிக்கறீங்க? அதுக்கு முன்ன, வர்ற ஞாயித்துக்கெழமயே கூட்டிகினு வாங்க!"