ஜீவானந்தம் சொன்ன ரிசல்ட்

2007 மே மாதம், பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான காலையில், கிழக்குத் தாம்பரத்தின் அந்தத் தெருவில் மின்சாரம் இல்லை.

உள்ளறையில் தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. கூடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த ஜீவானந்தத்தின் கை அப்படியே நின்றது. தானாக ஓய்ந்த மணி அல்ல அது. யாரோ ரிசீவரை எடுத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். தங்கை சரிதா சற்று முன்புதான் தோழி நிஷாவோடு முடிவு பார்க்கக் கிளம்பியிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"பிரவுசிங் சென்டர்ல கும்பலா இருந்தா போன் பண்றேண்ணா. உன் ஃபிரெண்ட் அருண்ராஜ் அண்ணாவக் கேட்டு சொல்லு. அவராவது கம்ப்யூட்டர் பக்கம் போறாரு."

"அவன் சிறுசேரி ஐ.டி. கம்பெனில வேலை பாக்குறது உனக்கு ரிசல்ட் சொல்லவா?"

"நீ ஏன் நெட்டையே தலைமுழுகிட்ட? சாமியாரா?"

"கண்ணு வலிக்குதுடி."

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தத் தெருவில் இணையம் இருந்தது இந்த வீட்டில் மட்டும்தான். முடிவு வரும் நாளில் பிள்ளைகள் போனில் தேர்வு எண்ணைச் சொல்வார்கள். ஜீவானந்தம் தட்டிப் பார்த்துச் சொல்வான். அந்த வருடம் பக்கத்துத் தெரு சின்மயியின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டான். சாட்டில் யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டே, திரையில் வந்த பெயரைக்கூடப் பார்க்காமல், "ஃபெயில்மா" என்றான். அவள் பாஸ் என்று மாலையில்தான் பள்ளியில் தெரிந்தது. அதற்குள் அவளை ஏரியிலிருந்து தூக்கியிருந்தார்கள். வெப்சைட்டில்தான் தப்பு என்று அவள் அப்பா சாம்பசிவனிடம் சொன்னான். அவர் நம்பினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று உள்ளறையில் மூடிய கணினியை அவன் பிறகு தொடவில்லை.

உள்ளறைக் கதவின் இடுக்கிலிருந்து, புழுக்கத்தோடு கலந்து, ஏரிச்சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை மெல்லக் கசிந்து கூடம் வரை வந்தது. அதன் பின்னாலேயே, மின்சாரமில்லாத வீட்டில், கீபோர்டு தட்டும் சத்தம். ஒவ்வோர் எண்ணாக. நின்று. மறுபடி. கடைசி எண் மட்டும் அவசரமாக.

வெளித்தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினான். உள்ளேயும் தாழிட்டிருந்தது.

பேச்சுக் குரல். பாதிக் கவனத்தோடு, சலிப்பாக. அவனுடைய குரல்.

"ஃபெயில்மா."

அவன் கதவில் காதை வைத்தான்.

"சரியாத்தான் பாத்தேன். வெச்சிடு, நிறைய பேரு கூப்புடுவாங்க."

"சரிதா! அது நான் இல்லடி!"

கதவை உதைத்தான். அசையவில்லை. தெருவுக்கு ஓடினான். எதிரே நிஷா மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள்.

"என்னண்ணா சொன்னீங்க போன்ல? ரிசீவர வெச்சிட்டு ஓடிட்டா."

"எங்க?"

"தெரியலண்ணா. கூப்பிடக் கூப்பிட திரும்பியே பாக்கல."

அவளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"ம். அடுத்த நம்பர் சொல்லு."

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் மதிப்பெண் பட்டியல் கொடுத்தார்கள். சரிதா தேர்ச்சி பெற்றிருந்தாள். அவளுக்குப் பதில் அப்பா போய்க் கையெழுத்திட்டு வாங்கி வந்தார்.